கை நனைத்த வீடு

விருந்துக்குப் போகிறவள் கையில் கட்டுச்சோறு கொடுத்து அனுப்பும் ஊரை நான் அதுவரை பார்த்ததில்லை. மல்லாங்கிணறில் என் அண்ணி செல்வி விடிந்ததும் புளிசோறு கிண்டி, வாழை இலையில் மடித்து, மேலே பழைய செய்தித்தாளைச் சுற்றி இரண்டு பொட்டலமாகக் கட்டினாள்.

"எதுக்கு அண்ணி? அங்க போனா சோறு போட மாட்டாங்களா?"

"போடுவாக. நல்லாவே போடுவாக. அதுக்காகத்தான் கட்டித் தாரேன்," என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. வெளியூர் போனால் விளங்காததற்கெல்லாம் தலையாட்டிவிடுவது என் வழக்கம். ஆட்டினேன். அந்தத் தலையாட்டலுக்காக என்னை நானே இன்றுவரை திட்டிக்கொண்டிருக்கிறேன்.

நான் பூரணம். மலேசியாவில் கிள்ளானில் ஒரு பள்ளிக்கூட கேண்டீனை வெகு காலம் நடத்தி, முட்டி வலி வந்த பிறகு விட்டவள். என் தம்பிக்கு ஒரே மகள், தர்ஷினி. கோலாலம்பூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பிரபாகர் என்ற பையனை விரும்புகிறாள். பையனுக்குச் சொந்த ஊர் திருச்சுழிக்கு அந்தப் பக்கம். கல்யாணம் முடிந்ததும் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்து, குடும்பத்தின் பஞ்சு மில்லைக் கவனிக்கப் போகிறானாம். தர்ஷினியும் அந்த வீட்டில்தான் வாழ வேண்டும். தம்பிக்குச் சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைகிறான். "நீ போய் அந்த வீட்டைப் பார்த்துட்டு வாக்கா. நீ சரின்னா சரி, வேணாம்னா வேணாம்" என்றான். அவ்வளவு பெரிய பொறுப்பை இட்லி சுட்ட கையில் கொடுத்துவிட்டான்.

முதல் நாளே கூத்து. மதுரையில் பஸ் ஏறி, காரியாபட்டியில் இறங்கி மல்லாங்கிணறு பஸ் பிடிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். முன்சீட்டில் ஒரு பெண் கூடை நிறைய மல்லிகைப்பூ வைத்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே வேலிக்கருவேலமும் கறுப்பு மண்ணும், ஒரே வயல் திரும்பத் திரும்ப வருவதுபோல ஓடின. பூவாசமும் வெயிலுமாகக் கண் செருகிவிட்டது. கனவில் என் கேண்டீன் பிள்ளைகள் எல்லாம் அந்தக் கறுப்பு மண்ணில் தட்டை ஏந்தி வரிசையில் நின்றார்கள்.

"எந்திரிங்கம்மா, அருப்புக்கோட்டை. இதுக்கு மேல பஸ்ஸு போகாது," என்று கண்டக்டர் எழுப்பினார். காரியாபட்டி எப்போதோ போய்விட்டிருந்தது.

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஒரு கடையில் சூடாகச் சேவு போட்டுக்கொண்டிருந்தார்கள். பூண்டும் மிளகும் இடித்துப் போட்டது. அதைக் கொறித்தபடி உட்கார்ந்திருந்தேன். காளிமுத்து அண்ணன் தன் குட்டியானை வண்டியில் வந்து ஏற்றிக்கொண்டார். லோடு ஏற்றும் சின்ன வண்டிக்கு இங்கே அதுதான் பெயர். செல்வி அண்ணியின் கணவரான காளிமுத்து, என் தாத்தாவின் அண்ணன் பேரன். தாத்தா கப்பலேறிப் போனார், அவருடைய அண்ணன் போகவில்லை. அதனால் நான் அங்கே, இவர் இங்கே. மற்றபடி மூக்கு ஒன்றுதான்.

"பஸ்ஸுல ஒறங்குனியாக்கும். நம்ம வம்சமே அப்படித்தான்த்தா," என்றார்.

மறுநாள்தான் அந்தக் கட்டுச்சோற்றுப் பயணம். வண்டியில் முன்னால் அண்ணனும் நானும், நடுவில் புளிசோறும். அருப்புக்கோட்டை தாண்டியதும் ரோடு வெறிச்சோடிவிட்டது. தூரத்தில் ரோடு நனைந்த மாதிரி மினுங்கும், கிட்டப் போனால் காய்ந்து கிடக்கும். எங்கள் ஊரில் மதியமானால் மழை வந்து எல்லாவற்றையும் கழுவிவிடும். இங்கே மண்ணும் ஆடும் மைல்கல்லும் என்றைக்கோ நின்ற இடத்திலேயே நிற்கின்றன. அந்த அசையாமையில் எனக்கு ஒரு சுகம் வந்தது. இந்த ஊரிலேயே தங்கிவிடலாம் போலத் தோன்றியது.

தண்ணீரில்லாத ஒரு கண்மாய்க் கரையில் டயர் வெடித்தது. ஸ்டெப்னியை யாருக்கோ இரவல் கொடுத்திருந்தார் அண்ணன். டயரைக் கழற்றித் திருச்சுழிக்குக் கொண்டுபோய்ப் பஞ்சர் பார்த்துத்தான் மாட்ட வேண்டும். மாப்பிள்ளை வீட்டுக்கு போன் செய்தோம். அரை நாழிகையில் ஒரு வெள்ளைக் கார் வந்தது. ஓட்டி வந்தவர் மாப்பிள்ளையின் அண்ணன் செந்தில்.

இப்படி மரியாதை தெரிந்த மனிதரை நான் பார்த்ததில்லை. இறங்கியதும் கும்பிட்டார். ஒரு இளநீரைச் சீவிக் கொண்டு வந்திருந்தார். முகம் துடைக்க ஈரத்துண்டு வேறு. பேச்சு காதுக்கு எட்டாத அளவுக்கு மெது. "வெயில்ல நிக்க வச்சிட்டோமேம்மா," என்று, டயர் வெடித்தது தன் குற்றம் மாதிரி வருந்தினார்.

"நீ போத்தா. பேசிக்கிட்டு இரு. நான் பஞ்சர் பாத்துட்டு வந்துர்றேன்," என்றார் காளிமுத்து அண்ணன்.

காரில் குளிர்ச்சியாக இருந்தது. புளிசோறு குட்டியானையிலேயே தங்கிவிட்டது.

பங்களா வீடு என்று ஊரில் சொல்கிறார்கள். எந்தக் காலத்திலோ பஞ்சு வாங்க வந்த ஒரு வெள்ளைக்காரர் தன் ஊர் வீட்டை நினைத்துக் கட்டினாராம். வாசலில் உருண்டைத் தூண்கள், உயரமான ஜன்னல்கள். கூடத்தில் குளிர்காய ஒரு கல்லடுப்பு, அதிலிருந்து மாடி வழியாகக் கூரைக்குப் போகும் புகைக்கூண்டு. முட்டை வைத்தால் வெந்துவிடும் ஊரில் குளிர்காய அடுப்பு! அந்த மனிதர் எவ்வளவு ஏங்கியிருந்தால் அதைக் கட்டியிருப்பார். இப்போது அதற்குள் ஒரு குத்துவிளக்கு வைத்து மாலை போட்டிருந்தார்கள்.

செந்திலின் அம்மா தாயம்மாள் வாசலிலேயே என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "வாங்கக்கா, வாங்க. ஒங்க தம்பி ஒடம்பு எப்படி இருக்கு? சின்னவன் போன் போடும்போதெல்லாம் கேட்டுக்கிருவேன்." செந்திலின் அப்பா, பல்லெல்லாம் சிரிப்பான பெரியவர், நான் உட்காரும் நாற்காலியைத் தன் துண்டால் தட்டிவிட்டார். மின்விசிறி எனக்கு நேராக இருக்கிறதா என்று பார்த்தார்.

மூத்த மருமகள் மீனா தண்ணீர் கொண்டு வந்தாள். தர்ஷினி அந்த வீட்டுக்குப் போனால் இவள்தான் ஓரகத்தி. மெலிந்த பெண், முழங்கை வரை மூடிய ரவிக்கை. செம்பை நீட்டிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். ஒரு வாய் குடித்தேன். உப்புக் கரித்தது. இந்தப் பக்கம் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பாவம், இந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் வாழ்கிறார்கள் என்று நினைத்து, மிச்சம் வைக்காமல் குடித்தேன். மீனா காலிச் செம்பை வாங்கிக்கொண்டு போனாள்.

இலை போட்டார்கள். எனக்கும் செந்திலுக்கும் மட்டும். "நீங்க தனியாச் சாப்பிடக் கூடாதும்மா, நானும் ஒக்காருறேன்," என்றார். பெரியவர் பக்கத்தில் நின்று உபசரித்தார். ஆட்டுக்கறிக் குழம்பு, சீனியவரைக்காய்ப் பொரியல், ரசம், அப்பளம், பாயசம். வாசனையைச் சொல்லி மாளாது. மிளகாயும் மல்லியும் வறுத்து அரைத்த வாசனை கூடம் முழுக்க நின்றது.

முதல் கவளத்தில் நாக்கு சுருண்டது. குழம்பில் கை நிறைய உப்பை அள்ளிக் கொட்டியிருந்தார்கள். பொரியலுக்குப் போனேன். அதுவும் அப்படியே. ரசத்தை ஊற்றிக்கொண்டேன், கடல். எனக்கு இரத்தக் கொதிப்பு உண்டு. கிள்ளானில் என் டாக்டர் அந்த இலையைப் பார்த்திருந்தால் அழுதிருப்பார்.

ஆனால் நான் வளர்ந்த முறை வேறு. எங்கள் பக்கம் யார் வீட்டில் எதைக் கொடுத்தாலும் "செடாப்" என்று சொல்லித் தட்டைக் காலி செய்ய வேண்டும். மலாயில் ருசி என்று அர்த்தம். வெந்ததோ வேகாததோ, செடாப்தான். எதிரே செந்தில் முதல் வாய் வைத்தார். ஒரு நொடி மென்றது நின்றது. சமையலறை வாசலில் நின்ற மனைவியைப் பார்த்துப் புன்னகை செய்தார். பிறகு நிதானமாகச் சாப்பிட்டார். ரசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். அவர் சாப்பிடும்போது நான் மட்டும் எப்படி முகம் சுளிப்பது? நானும் சாப்பிட்டேன். பாயசத்திலும் உப்பு. "ரொம்ப நல்லா இருக்கு," என்றேன். இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.

தாயம்மாள் முகம் பூரித்துப்போயிற்று. "போதும்க்கா, மனசு நெறைஞ்சு போச்சு," என்றார்.

மாடியில் ஒரு அறையில் என்னைப் படுக்க வைத்தார்கள். திரைச்சீலை போட்ட ஜன்னலில் வெயில் சிவப்பாக நின்றது. எங்கோ மயில் அகவியது. கட்டில் மெதுவாக நகர்வதுபோல இருந்தது. நான் பஸ்ஸில் இருக்கிறேனா, கப்பலில் இருக்கிறேனா என்று தெரியவில்லை. தாத்தா ஏறிய கப்பல் திரும்பி வருகிறது, வறண்ட கண்மாயில் மிதந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். உப்புத் தாகத்தில் வந்த கனவு.

அந்த மயக்கத்தில்தான் கிரைண்டர் ஓடும் சத்தம் கேட்டது. அறையின் மூலையில் புகைக்கூண்டுக்கு ஒரு வாய் இருந்தது. கீழே நடப்பதெல்லாம் அதன் வழியே ஏறி வந்தது. கிரைண்டர் சத்தம் எனக்குத் தாலாட்டு. வாழ்நாள் முழுக்க அதன் பக்கத்தில் நின்றவள். மாவு இருந்தால் குழவி வழுக்கிக்கொண்டு ஓடும், சத்தம் கொழகொழவென்று இருக்கும். இது கல்லும் கல்லும் மோதி ஓடியது. காலி கிரைண்டர்.

யாரோ மறந்து போட்டுவிட்டார்கள், கல் தேய்ந்துவிடுமே என்று தூக்கத்திலேயே கவலைப்பட்டேன். அந்தச் சத்தத்துக்கு அடியில் வேறு ஏதோ சத்தம் இருந்தது. பாத்திரம் விழுந்ததா, கதவு சாத்தியதா, தெரியவில்லை. ஒரு குரல், பாதியில் நின்றது. பிறகு கிரைண்டரும் நின்றது. மயில் மறுபடி அகவியது.

கீழே இறங்கியதும் தாயம்மாள், "நாளைக்கு இட்லிக்கு மாவாட்டுனோம்க்கா. சத்தம் ஒங்கள எழுப்பிருச்சோ?" என்றார். கை கழுவப் போகும்போது சமையலறையை எட்டிப் பார்த்தேன். கிரைண்டர் சட்டி பொட்டு ஈரமில்லாமல் காய்ந்து கிடந்தது.

மீனா காப்பி கொண்டு வந்தாள். இடது கையால் நீட்டினாள். "விருந்தாளிக்கு வலது கையில குடுக்கணும்த்தா," என்றார் மாமியார், கனிவாக. முந்தானைக்குள்ளிருந்து வலது கை வந்தது. நடுவிரலும் மோதிர விரலும் வீங்கி, நகத்தடி கறுத்திருந்தது.

யாரும் கேட்கவில்லை. "கதவுல நசுங்கிருச்சு," என்றார் தாயம்மாள்.

செந்தில் எழுந்துபோய் ஐஸ்கட்டியைத் துண்டில் சுற்றிக் கொண்டு வந்தார். என் முன்னால் மனைவியின் விரலுக்கு ஒத்தடம் கொடுத்தார். "பாத்து வேல செய்யக் கூடாதா?" என்றார். அந்தக் குரலில் பாசம்தான் இருந்தது.

பெரியவர் மழையைப் பற்றிப் பேசினார். குமாரலிங்கபுரத்தில் வரப்போகும் ஜவுளிப் பூங்காவைப் பற்றிப் பேசினார். "அது வந்துட்டா நம்ம பக்கம் எங்கேயோ போயிரும்மா. அதுக்குத்தான் சின்னவன வரச் சொல்லிருக்கு." நான் தலையாட்டினேன். தாயம்மாள் வெற்றிலைத் தட்டு எடுக்கப் போனார். மீனா என் பாதி நரைத்த கொண்டையில் பூ வைத்தாள். வைக்கும்போது காதருகில் சொன்னாள்.

"தண்ணியிலயே போட்டேன்ம்மா. அதையும் குடிச்சிட்டீக. இலைய விட்டு எந்திரிச்சிருவீகன்னு நெனச்சேன்."

உப்புக்காக வருந்துகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். "பரவாயில்லம்மா, நல்லாத்தான் இருந்துச்சு," என்றேன். என் பெருந்தன்மையில் தீயை வைக்க.

காளிமுத்து அண்ணன் அப்போதுதான் டயர் கறை பிடித்த கையோடு வந்து சேர்ந்தார். தாயம்மாள் வாசலிலேயே அறிவித்தார். "வாங்கண்ணே. அக்கா கை நனைச்சாச்சு. இனிமே நாம சம்பந்தகாரக." அண்ணன் முகம் சுண்டிப்போயிற்று. ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கவில்லை. அவசர லோடு இருக்கிறது என்று என்னைக் கிளப்பினார். வாசல் தூண் வரை மூன்று பேரும் வந்து வழியனுப்பினார்கள்.

ரோட்டுக்கு வந்ததும் வண்டியை ஓரங்கட்டினார்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். ஏன்?"

"வீடு பாக்கப் போற எடத்துல சோத்துல கை வைக்கலாமா? கைய நனைச்சிட்டா சம்பந்தத்துக்குச் சம்மதம்னு அர்த்தம்த்தா. புடிக்கலைன்னா சாப்பிடாம வந்துரணும். அதுக்குத்தான அவ கட்டுச்சோறு கட்டிவிட்டா?"

"எனக்கு யாரு சொன்னா?"

"சொல்லணுமா? இது தெரியாதுன்னு யாருக்குத் தெரியும்?"

"சாப்பிட ஒக்காந்துட்டு, பாதியில எந்திரிச்சா?"

"இலைய விட்டு எந்திரிச்சா முறிஞ்சது. பெறகு அந்த வாசல மிதிக்க வேண்டியதில்ல."

எனக்கு அப்போதுதான் வரிசையாக எல்லாம் விளங்கியது. தண்ணீரில் உப்பு. குழம்பில், ரசத்தில், பாயசத்தில். வாயைத் திறந்து பேச வழியில்லாத பெண், என் தம்பி மகளை அந்த வீட்டுக்குள் விடாதே என்று இலை முழுக்க எழுதி வைத்திருக்கிறாள். நான் அதை வழித்துத் தின்றுவிட்டு நல்லா இருக்கு என்று சொல்லியிருக்கிறேன். அதற்கு அவள் விரல் போயிற்று. வண்டியிலேயே அழுதேன். அண்ணனிடம் கிரைண்டர் சத்தத்தைச் சொன்னேன்.

"ஊருல அவுகளப் பத்தி ஒரு குத்தம் சொல்ல மாட்டாகத்தா. அம்புட்டு மரியாத," என்றார்.

மறுநாள் காலை தர்ஷினிக்கு போன் செய்தேன். நடந்ததைக் கேட்டதும் கோபப்பட்டாள். மலாயும் ஆங்கிலமும் கலந்து அவள் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்: "அத்தை, உங்களுக்கு ஊர் பிடிக்கவில்லை என்றால் அதைச் சொல்லுங்கள். கிரைண்டர் சத்தத்தை வைத்து ஒரு குடும்பத்தையே குற்றம் சொல்லாதீர்கள்."

"சரி, அவரையே கேட்போம். நீயும் லைன்ல இரு," என்றேன்.

பிரபாகர் பணிவாகத்தான் பேசினான். நலம் விசாரித்தான். நான் சுற்றி வளைக்கவில்லை. "தம்பி, உங்க வீட்டுல கிரைண்டர் காலியா ஓடுமா?"

"அண்ணன் நல்லவருதான் ஆன்ட்டி," என்றான். "கோவம் வந்தா மட்டும் கை நீட்டிருவாரு. வெளிய கேக்கக் கூடாதுன்னு அம்மா கிரைண்டரப் போட்டுருவாங்க. சின்னதுலருந்தே அப்படித்தான், அப்ப அப்பாவுக்கு. அண்ணிக்கும் இப்பப் பழகிருச்சு."

அவன் பொய் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை. மழை பெய்யும் என்று சொல்வதுபோலச் சொன்னான். தர்ஷினி லைனைத் துண்டித்தாள். கொஞ்ச நேரம் கழித்து எனக்குச் செய்தி வந்தது: "வேணாம் அத்தை. போய்ச் சொல்லிட்டு வாங்க."

போனிலேயே சொல்லிவிடலாம் என்றாள் செல்வி அண்ணி. எனக்கு மனசு கேட்கவில்லை. கை நனைத்தவள் நான், நேரில் போய்த்தான் உதற வேண்டும். அதைவிட, அந்த விரல் என் கண்ணுக்குள்ளேயே இருந்தது. காளிமுத்து அண்ணன் அந்த மில்லுக்குத்தான் பஞ்சு லோடு அடிக்கிறார். "இனிமே எனக்கு லோடு வராது," என்றார். துண்டை உதறித் தோளில் போட்டார். "வராட்டிப் போகுது. ஏறு." அண்ணி மறுபடியும் புளிசோறு கட்டினாள். இந்தத் தடவை நான் கேள்வி கேட்கவில்லை.

அதே ரோடு, அதே பொய்த் தண்ணீர் மினுங்கல். முந்தின நாள் சுகமாகத் தெரிந்த அசையாமை இப்போது பயமாக இருந்தது.

அதே வரவேற்பு. அதே நாற்காலியைத் துண்டால் தட்டினார் பெரியவர். மீனாவைக் காணோம். நான் தண்ணீரைத் தொடாமல் சொன்னேன். "இந்தச் சம்பந்தம் வேணாம்னு முடிவு பண்ணிட்டோம். மன்னிக்கணும்."

யாரும் குரலை உயர்த்தவில்லை. "கை நனைச்ச பெறகா அக்கா?" என்று தாயம்மாள் சிரித்தார். "யாராவது ஏதாவது சொன்னாகளா?"

செந்தில் எழுந்தார். "பெரியவுக பேசிக்கிட்டு இருங்க. காப்பி சொல்லிட்டு வாரேன்," என்று சமையலறைக்குப் போனார். கதவைச் சாத்திக்கொண்டார். தாயம்மாளும் எழுந்து பின்னாலேயே போனார். கிரைண்டர் ஓடத் தொடங்கியது. காலி கிரைண்டர்.

பெரியவர் கொஞ்சம் சத்தமாகப் பேசினார். "இந்த வருசம் மழை வரும்ங்கிறாகம்மா." அவர் கண் என் கண்ணைப் பார்க்கவில்லை.

எனக்கு முட்டி வலி உண்டு. எப்படி எழுந்தேன், எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை. தண்ணீருக்குள் நடப்பதுபோல இருந்தது. கதவைத் தள்ளினேன். வாசலிலேயே காவல்போல நின்றிருந்த தாயம்மாளை விலக்கினேன். சுவிட்ச் எங்கே இருக்கும் என்று என் கைக்குத் தெரியும். அணைத்தேன்.

கிரைண்டர் நின்றதும் அந்த வீட்டின் உண்மையான சத்தம் கேட்டது. ஒரு பெண் மூச்சு வாங்கும் சத்தம். புகைக்கூண்டு அதை வாங்கிக் கூடத்துக்கும் மாடிக்கும் கொடுத்தது. செந்திலின் கையில் அவளுடைய தலைமுடி இருந்தது. என்னைப் பார்த்ததும் விட்டார். விட்டுவிட்டுச் சட்டையைச் சரி செய்துகொண்டார்.

"நீங்க ஏம்மா உள்ள வந்துக்கிட்டு," என்றார். அப்போதும் மெதுவாகத்தான்.

அப்போது எனக்கு ஒன்று புரிந்தது. விருந்தாளி பார்க்க இவர்களால் கத்த முடியாது, கையை ஓங்க முடியாது. இத்தனை காலம் எந்த மரியாதைக்குப் பின்னால் ஒளிந்தார்களோ, அந்த மரியாதையே இப்போது அவர்கள் கையைக் கட்டிவிட்டது. நான் விருந்தாளியாக இருக்கும்வரைதான் அது. அதனால் விருந்தாளிபோலவே பேசினேன்.

"மீனா, நாங்க கெளம்புறோம். எங்க கூட வர்றியாம்மா?"

அவள் மாமியாரைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். "காரியாபட்டி வரைக்கும் எடம் இருக்கா?" என்றாள். "எங்கண்ணன் வீடு அங்கதான்."

"இருக்கு," என்றார் பின்னால் வந்து நின்ற காளிமுத்து அண்ணன். "போற வழிதான்."

மீனா உள்ளே போய் ஒரு மஞ்சள் பையோடு வந்தாள். அது ஏற்கெனவே கட்டி வைத்த பை. "சாப்பிட்டுட்டுப் போகலாமேக்கா," என்றார் தாயம்மாள். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது என்று நினைக்கிறேன். வாசல் தூண் வரை மூன்று பேரும் வந்தார்கள். பெரியவர் கும்பிட்டார். செந்தில் குட்டியானையின் கதவைத் திறந்து பிடித்தார், மனைவி ஏறுவதற்கு. ஏறியதும் மெதுவாகச் சாத்தினார்.

முன்சீட்டில் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். டயர் வெடித்த அதே கண்மாய்க் கரையில் ஒரு வேப்பமரம் நின்றது. அண்ணன் வண்டியை நிறுத்தினார். மீனா தன் அண்ணனுக்கு போன் செய்தாள். பேசி முடித்துவிட்டு, "வரச் சொல்லிட்டான். எத்தன நாளைக்குன்னு தெரியல," என்றாள்.

"அவன் ஏதும் சொன்னா மல்லாங்கிணறு இருக்கு," என்றார் காளிமுத்து அண்ணன்.

நான் பொட்டலத்தைப் பிரித்தேன். வெயிலில் வாழை இலை வதங்கி, புளிசோறு எண்ணெயில் மினுங்கியது. மீனாவின் வலது கையால் பிசைய முடியவில்லை. இடது கையால் எடுக்கத் தயங்கினாள். "எடும்மா, இங்க யாரு பாக்கப் போறா," என்றேன். எடுத்து ஒரு வாய் வைத்தாள். மென்றாள். என் கொதிப்புக்காக அண்ணி உப்பைக் குறைத்துத்தான் போட்டிருந்தாள். நல்லா இருக்கு என்று சொல்லப்போகிறாள் என்று நான் எதிர்பார்த்தேன், நானாக இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

மீனா நிமிர்ந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள்.

"உப்பு பத்தல," என்றாள். சத்தமாகவே சொன்னாள்.